குழந்தைகள் நல வழக்குகளுக்கான ஒருநாள் பயிற்சி, மதுரை: வழக்கறிஞர்களுக்கான மதிப்புரை

இந்தப் பயிற்சியின் பலமே வயது நிரூபண வகுப்புதான். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 94 சொல்லும் வரிசையை அழுத்தமாகப் பதியவைக்கிறார்கள்: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்று, அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. எடுத்த எடுப்பில் பரிசோதனைக்கு மனு போடுவதும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரைச் சாட்சியாக விசாரித்து நிரூபிக்காமல் நகலை மட்டும் தாக்கல் செய்வதும் வழக்கைச் சாய்த்துவிடும். மாதிரிப் பதிவேட்டைக் கொடுத்துக் குறுக்கு விசாரணையே செய்யவைக்கிறார்கள். அருமையான ஏற்பாடு.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 33க்கும் ஒத்திகை உண்டு. குழந்தையிடம் கேட்கும் கேள்விகளைச் சிறப்பு நீதிமன்றத்திடம் கொடுக்க வேண்டும், நீதிமன்றம்தான் கேட்கும். அதனால் கேள்விகளை முன்கூட்டியே, சின்னச் சின்ன வாக்கியங்களாக, ஒன்றில் ஒரே விஷயம் இருக்கும்படி எழுதப் பழக்குகிறார்கள்.

பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு பற்றிய பகுதி மட்டும் அவசர அவசரமாக முடிகிறது. 24 மணி நேரத்துக்குள் குழந்தையை இந்தக் குழுவின் முன் நிறுத்தும் விதியில், பயண நேரம் அதில் சேராது என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

கையேட்டின் மாதிரி மனுவில் பள்ளி, தெரு விவரங்கள் அப்படியே இருக்கின்றன. உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் குழந்தை யாரென்று அடையாளம் காண அதுவே போதும். திருத்தாமல் யாரும் பயன்படுத்த வேண்டாம்.