கோப்புப் பெயர்களைக் காட்டி 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: டிஸ்க் பழுதானவர்கள் கடைக்குப் போகும் முன் படியுங்கள்

நேற்று மாலை சென்னையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. என் ஹார்டு டிஸ்கில் இருந்த ஒலிப்பதிவுகளை இனி எவராலும் மீட்க முடியாது என்று அங்குள்ள டேட்டா மீட்புப் பரிசோதனைக் கூடத்தார் சொன்னதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. அவர்களிடம் போவதற்கு முன்பே, திருநெல்வேலியில் உள்ள ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடைக்கு இதே டிஸ்குக்காக 18,500 ரூபாய் கொடுத்திருந்தேன். புகார் மனு கொடுக்கவிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. வாசலில் ‘டேட்டா ரெகவரி செய்யப்படும்’ என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருக்கும், மடிக்கணினியும் பிரிண்டரும் பழுதுபார்க்கும் சாதாரணக் கடைதான் அது. நடந்ததை முழுமையாகவும், மற்றவர்கள் எப்படித் தப்பிக்கலாம் என்பதை விரிவாகவும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த ஒரு டெராபைட் போர்ட்டபிள் டிஸ்கில், 2014 முதல் 2023 வரை எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் (திருவிழாக்களில்) நான் பதிவு செய்த வில்லுப்பாட்டுகள் இருந்தன. ஏறத்தாழ 600 மணி நேர ஒலிப்பதிவு, 612 ஜிபி. முன்னின்று பாடிய அண்ணாவிகளில் நால்வர் இன்று உயிருடன் இல்லை. இரண்டாவது பிரதி இல்லையா என்று கேட்பீர்கள். முதல் மூன்று ஆண்டுப் பதிவுகள் டிவிடியில் இருக்கின்றன. அதற்குப் பிந்தியவை இந்த டிஸ்கில் மட்டுமே இருந்தன.

சென்ற மாதம் ஒரு நாள் டிஸ்கை இணைத்தபோது, பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று திரையில் செய்தி வந்தது. நான் ஃபார்மேட் கொடுக்கவில்லை. ஆனால், உள்ளிருந்து ‘டிக், டிக்’ என்று ஒலி கேட்டும், கேபிளில் கோளாறாக இருக்கும் என்று எண்ணி நான்கைந்து முறை மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்தேன். அந்த ஒலி பெரும்பாலும், டிஸ்குக்குள் சுழலும் தட்டிலிருந்து தரவைப் படிக்கும் ஹெட் என்ற பகுதி தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதால் எழுவது என்றும், அந்த நிலையில் மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தட்டில் கீறல் விழும் ஆபத்து உண்டு என்றும் அப்போது எனக்குத் தெரியாது.

கடைக்காரர் டிஸ்கைக் கையில் வாங்கியதும் தம் கணினியில் இணைத்துக் காதருகே வைத்துச் சில நொடிகள் கேட்டார். “அண்ணாச்சி, இது ஹெட் போயிருக்கு. சாஃப்ட்வேர் போட்டா வராது. நம்மகிட்ட கிளீன் ரூம் இருக்கு, அங்க வச்சுத்தான் திறக்கணும்” என்றார். ஹெட் என்றும் கிளீன் ரூம் என்றும் அவர் சொன்ன விதத்தில், இவர் விஷயம் தெரிந்தவர் என்று நம்பிவிட்டேன். தூசி புகாதபடி காற்றை வடிகட்டிய அந்த அறை எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பரிசோதனைக்கு 500 ரூபாயும் முன்பணமாக 6,000 ரூபாயும் அன்றே கொடுத்தேன். டேட்டா வந்தால் மட்டும் மீதி 12,000 ரூபாய் கொடுத்தால் போதும் என்று அவர் சொன்னது, நேர்மையான பேச்சாகவே எனக்குப் பட்டது.

ஆறு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். திரையில் என் கோப்புறைகள் அனைத்தும் வரிசையாக இருந்தன. ‘2018 ஆடிக்கொடை’, ‘2019 சுடலைமாடன் கதை’, ‘2021 அண்ணாவி நேர்காணல்’ என்று நான் வைத்த பெயர்கள், நான் தட்டச்சில் விட்ட பிழையோடு அப்படியே இருந்தன. ஒவ்வொரு கோப்பின் அளவும் சரியாக இருந்தது. அதைப் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அன்று மாலையே புது டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கோப்புகளை அதில் ஏற்றி, என் கண் முன்னாலேயே இரண்டைத் திறந்து காட்டினார். இரண்டும் சிறு குறிப்புக் கோப்புகள். ஊர், தேதி, பாடியவர் பெயர் என்று ஒன்றிரண்டு வரிகள் கொண்டவை. அவை திறந்தன. யுபிஐ மூலம் 12,000 ரூபாயை அங்கேயே அனுப்பினேன். மொத்தம் 18,500 ரூபாய்.

வீட்டுக்கு வந்து முதல் ஒலிக்கோப்பைத் திறந்தேன், பாடவில்லை. அடுத்ததும் பாடவில்லை. இரவு இரண்டு மணி வரை நூற்றுக்கு மேற்பட்ட கோப்புகளை முயன்றேன். மறுநாள் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர், கோப்பின் உள்ளடக்கத்தை எண்களாகக் காட்டும் மென்பொருளில் அவற்றைத் திறந்தார். தொடக்கம் முதல் இறுதி வரை பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். 612 ஜிபி அளவுக்கு வெறும் பூஜ்ஜியங்களை விற்றிருக்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதை அந்த மாணவரும், பின்னர் சென்னையில் உள்ளவர்களும் விளக்கினார்கள். கோப்புகளை அடுக்கி வைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பில், கோப்புகளின் பெயர், அளவு, இருக்கும் இடம் ஆகியவை எம்எஃப்டி என்ற தனி அட்டவணையில் பதியப்படுகின்றன. டிஸ்கின் அந்தப் பகுதி மட்டும் படிக்கக் கிடைத்துவிட்டால், உள்ளே ஒரு நொடி ஒலிகூட மீளாத நிலையிலும் முழுப் பட்டியலும் திரையில் வந்து நிற்கும். படிக்க முடியாத இடங்களைப் பல மீட்பு மென்பொருள்கள் பூஜ்ஜியத்தால் நிரப்பிவிடும். எழுநூறு பைட்டுக்குள் அடங்கும் மிகச் சிறிய கோப்புகள் பெரும்பாலும் அந்த அட்டவணைக்குள்ளேயே சேமிக்கப்படுவதால் அவை மட்டும் திறக்கும். கடைக்காரர் எனக்குத் திறந்து காட்டியவை அவற்றில் இரண்டுதான். அத்தனை ஒலிக்கோப்புகள் இருக்க, அவர் கை அந்த இரண்டுக்குப் போனது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

முதல் முறை தொலைபேசியில் அழைத்தபோது, “உங்க கம்ப்யூட்டர்ல கோடெக் இல்லாம இருக்கும், வேற பிளேயர்ல போட்டுப் பாருங்க” என்றார். வேறு மூன்று பிளேயர்களில் போட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் அழைத்தேன். டெக்னீஷியன் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து நேரில் போனபோது உரிமையாளர் வெளியூர் போயிருப்பதாகக் கடைப் பையன் சொன்னான்; உள்ளறையில் அவர் குரல் எனக்குக் கேட்டது. நான்காம் முறை போனபோதுதான் முகம் பார்த்துப் பேசினார். “சார், டேட்டாவ எடுத்துக் குடுத்தாச்சு. ஃபைல் கரப்ட் ஆகியிருந்தா நாங்க பொறுப்பில்ல” என்றார். பணம் வாங்கும்வரை அண்ணாச்சியாக இருந்த நான் அன்று சாராகிவிட்டேன். 18,500 ரூபாய்க்கு ரசீது கேட்டேன். கடை முத்திரைகூட இல்லாத வெள்ளைத் தாளில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று எழுதி, 12,000 என்று மட்டும் குறித்துக் கொடுத்தார். மற்ற 6,500 ரூபாயைப் பற்றிக் கேட்டபோது, அடுத்த வாடிக்கையாளரிடம் பேசத் தொடங்கிவிட்டார்.

பழைய டிஸ்கைத் திரும்ப வாங்கி, இதற்கென்றே இயங்கும் சென்னைப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு அனுப்பினேன். அவர்கள் நேற்றுச் சொன்னது இதுதான்: மூடியின் திருகுகள் ஏற்கெனவே கழற்றி மாட்டப்பட்டிருக்கின்றன, உள்ளே தூசி இருக்கிறது, தட்டில் வளையம் வளையமாகக் கீறல் விழுந்து காந்தப் பூச்சே உதிர்ந்திருக்கிறது. ஹெட் தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத தூசித் துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. அதனால்தான் காற்று வடிகட்டப்பட்ட அறையில் மட்டுமே டிஸ்கைத் திறக்க வேண்டும் என்கிறார்கள். நான் கொடுத்தபோது மூடியில் இருந்த ஒட்டுத்தாள் கிழியாமல் இருந்ததா என்று கேட்டார்கள். டிஸ்க் வெளியுறைக்குள் இருந்தபடியே கொடுத்ததால் அதை நான் பார்த்ததில்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்தது, அந்த உறையை நான் ஒருபோதும் திறந்ததில்லை என்பதும், அந்தக் கடையைத் தவிர வேறு எவர் கையிலும் அது போகவில்லை என்பதும்தான். தொடக்கத்திலேயே முறையாகத் திறந்திருந்தால் பெரும்பகுதி மீண்டிருக்க வாய்ப்பு இருந்தது என்று அவர்கள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கான நிதானம் இல்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிஸ்கில் டிக் டிக் ஒலி கேட்டால் உடனே கழற்றிவிடுங்கள். மறுபடி இணைக்காதீர்கள், விண்டோஸில் உள்ள செக்டிஸ்க் என்ற பிழை திருத்தும் கருவியை ஓட்டாதீர்கள், கடைக்காரரையும் இணைத்துக் காட்டச் சொல்லாதீர்கள். ஒலி இல்லை, கணினி டிஸ்கின் அளவைச் சரியாகக் காட்டுகிறது என்றால், முதலில் டிடிரெஸ்க்யூ போன்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்கில் படியெடுத்துக்கொண்டு, அந்தப் படியின் மீது டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய மீட்பு மென்பொருள்களை முயலலாம். மீட்கும் கோப்புகளைப் பழுதான டிஸ்கிலேயே சேமிக்காதீர்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்; பெரிய கோப்புகளில் பத்துப் பதினைந்தை நீங்களே தேர்ந்தெடுத்து, தொடக்கம், நடு, இறுதி மூன்றையும் ஓடவிட்டுப் பார்த்த பிறகே கொடுங்கள். சீரியல் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கைத் திறக்கும் முன் உங்களைக் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு ரசீது தராத கடையில் டிஸ்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை ஐந்து லட்ச ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். நான் திங்கட்கிழமை கொடுக்கிறேன். இதே போல் பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருந்தால், ரசீதோ யுபிஐ விவரமோ எது இருந்தாலும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள்.