செவ்வாய்க்கிழமை என்று மட்டும் சொன்ன செயலி

பழைய போனின் பேட்டரி உப்பிப்போய்ப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. போன வாரம்தான் மாற்றி வாங்கி வந்தேன். சார்ஜ் ஏறி உயிர் வந்ததும் அது காட்டிய முதல் அறிவிப்பு: ‘ப்ளூடூத் அணைக்கப்பட்டுள்ளது. தொற்றுத் தொடர்புப் பதிவு நின்றுவிட்டது.’ தொற்று உறுதியானவர் பக்கத்தில் இருந்தோமா என்று சொல்வதற்காகப் போட்டிருந்த கொரோனா செயலி அது. கொரோனா ஓய்ந்து, அதை நடத்தியவர்கள் சேவையை மூடிவிட்டுப் போய் எத்தனையோ நாளாகிறது. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போனதைக் கேள்விப்படாத காவல்காரன் மாதிரி இது மட்டும் இன்னும் வாசலில் உட்கார்ந்திருக்கிறது.

அதைப் படம் எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “அந்த உளவாளியை இன்னுமா வச்சிருக்க? முதல்ல அழி. நம்ம எங்கெல்லாம் போனோம்னு எல்லாத்தையும் பார்த்த பய அது.”

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. என் புகாரே நேர் எதிரானது. இரண்டரை வருடம் சட்டைப்பையில் சுமந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இவ்வளவு அழுத்தமான செயலியை நான் பார்த்ததே இல்லை. தெரிந்ததைக்கூடச் சொல்லாது.

நிறுவிய அன்று பெயர் கேட்கவில்லை, எண் கேட்கவில்லை, பாஸ்வேர்ட் இல்லை. ஆப்பிளும் கூகுளும் 2020 மே மாதம் சேர்ந்து வெளியிட்ட ஏற்பாட்டின் மேல் கட்டப்பட்டது. போன் தினமும் ஒரு சாவியை, அதாவது ஒரு ரகசிய எண்ணை, தானே உருவாக்கிக்கொள்ளும். அதிலிருந்து பிறக்கும் அர்த்தமில்லாத எண்களை ப்ளூடூத் வழியே காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். பத்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எண் மாறிவிடும். பக்கத்தில் வரும் போன்களின் எண்களைக் கேட்டுப் பதினான்கு நாள் தன்னிடமே வைத்திருக்கும். யாருக்காவது தொற்று உறுதியானால், அவராக மனம் வைத்து, பரிசோதனையோடு கிடைத்த குறியீட்டைப் போட்டு, தன் சாவிகளை அனுப்ப வேண்டும். மற்ற எல்லாப் போன்களும் அந்தச் சாவிகளை இறக்கி, தாங்கள் கேட்ட எண்களோடு தங்களுக்குள்ளேயே ஒத்துப் பார்க்கும். யார் யாரைச் சந்தித்தார்கள் என்ற பட்டியல் உலகத்தில் எங்கேயும் கிடையாது. இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தும் செயலிகள் இருப்பிடத் தகவலைத் தொடவே கூடாது என்று அந்த இரண்டு நிறுவனங்களும் விதியே போட்டிருந்தன.

பேட்டரி உப்பியதற்கும் இதைக் குற்றம் சொல்ல முடியாது. போனுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

நண்பனின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எல்லா நாட்டுச் செயலியும் இப்படிப் பிறக்கவில்லை. சிங்கப்பூரின் ட்ரேஸ்டுகெதர் 2020 மார்ச்சிலேயே வந்துவிட்டது. தகவல் தொற்றுத் தடமறிதலுக்கு மட்டும்தான் என்று சொல்லி மக்களைச் சேர்த்தார்கள். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வேறு பதில் வந்தது: குற்ற விசாரணைக்காகப் போலீஸும் அதைக் கேட்டு வாங்கலாம், ஒரு கொலை வழக்கில் வாங்கியும் இருக்கிறது. மக்கள் கொதித்தபின் அடுத்த மாதமே சட்டம் கொண்டுவந்து, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். கொலைகாரனைப் பிடிக்கக் கூடாதா என்று ஒரு மனம் கேட்கிறதுதான். ஆனால் காய்ச்சலுக்கு என்று வாங்கிய கையெழுத்து அது. நார்வேயின் முதல் செயலி ஜிபிஎஸ் தகவலையும் சேர்த்து ஓர் இடத்தில் குவித்தது. அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையமே எதிர்க்க, 2020 ஜூனில் நிறுத்திவிட்டுச் சேர்த்ததை அழித்தார்கள். இந்தியாவின் ஆரோக்கிய சேது 2020 ஏப்ரல் 2 அன்று வந்தபோது ப்ளூடூத்தோடு ஜிபிஎஸ்ஸையும் கேட்டது. பெயர், எண், வயது, தொழில், சமீபத்தில் போய்வந்த நாடுகள் என்று பதிவுப் படிவமே நீளமாக இருந்தது.

ஆக, ‘உளவாளி’ என்ற பட்டம் பொதுவில் ஒட்டிக்கொண்டுவிட்டது. என்னுடையதுக்கும் அதே பேர்.

பேர் கெட்டதில் அதன் பங்கும் கொஞ்சம் உண்டு. முதல் திரையில் ‘உங்கள் இருப்பிடத்தை நாங்கள் பார்ப்பதில்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டு திரை தள்ளி, ‘லொகேஷனை ஆன் செய்யவும்’. பழைய ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் அலைகளைத் தேடவே லொகேஷன் சுவிட்ச் போட்டிருக்க வேண்டும். ப்ளூடூத்தை வைத்தே ஆள் இருக்கும் இடத்தை ஊகித்துவிடலாம் என்பதால் வைத்த எச்சரிக்கை அது. ஆண்ட்ராய்டு 11-இல்தான் இந்த வகைச் செயலிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். இதை அம்மாவின் போனில் நிறுவும்போது கால்மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கேட்டார்: “பார்க்கலைன்னா அப்புறம் எதுக்குடா கேக்குது?” அதற்கு இன்றுவரை என்னிடம் ஒரு வரியில் பதில் இல்லை.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டரை வருடத்தில் எனக்கு ஒரே ஒரு எச்சரிக்கைதான் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை. ‘செவ்வாய்க்கிழமை, தொற்று உறுதியான ஒருவருக்கு அருகில் நீங்கள் இருந்திருக்கலாம்.’ எந்த நேரம்? சொல்லாது. எந்த இடம்? அதற்கே தெரியாது. யார்? அதைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அந்தச் செயலியே பிறந்திருக்கிறது. செட்டிங்ஸுக்குள் நோண்டிப் பார்த்தேன். எந்தத் தேதியில் எத்தனை சாவிகளைச் சரிபார்த்தது என்று ஒரு பட்டியல் இருக்கும். ஆயிரக்கணக்கான சாவிகள், அதில் பொருந்தியது ஒன்று. அந்த ‘ஒன்று’ என்ற எண்ணை எத்தனை முறை தொட்டுப் பார்த்திருப்பேன்! தொட்டால் திறக்கும் என்று ஒரு நப்பாசை.

செவ்வாய்க்கிழமை நான் வெளியே போகவே இல்லை. வீட்டிலிருந்துதான் வேலை. வாசல் தாண்டவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது.

அப்படியென்றால்? ப்ளூடூத் அலை சுவரைத் துளைத்துப் போகும். அந்த நாட்களில் இதைப் பற்றி நிறையப் படித்துவைத்திருந்தேன். நடுவில் ஒரு மனித உடல் நின்றால் அலை பலவீனமாகி, பக்கத்தில் இருப்பவர் தூரத்தில் இருப்பதாகத் தெரியும். உலோகத்தில் பட்டுத் திரும்பினால் தூரத்தில் இருப்பவர் பக்கத்தில் வந்துவிடுவார். டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் டிராம் வண்டிக்குள் வைத்து அளந்து பார்த்ததில், யார் பக்கத்தில் இருந்தார் என்று முடிவுசெய்யச் சில நாடுகளின் செயலிகள் வைத்திருந்த விதிகள் ஓர் எச்சரிக்கையைக்கூட எழுப்பவில்லை. இன்னொரு நாட்டின் விதி, பக்கத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கும் எழுப்பியது, தூரத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கும் எழுப்பியது. என் கட்டிலுக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கட்டிலுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர். அந்த வாரம் அவர் இரண்டு முறை இருமியதை என் காதால் கேட்டிருந்தேன்.

முடிந்தது. ஆளைப் பிடித்துவிட்டேன்.

பரிசோதனையில் எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனாலும் அம்மாவை ஓர் அறையில் தள்ளி வைத்து, சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்து, பத்து நாள் ஓட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. சொல்லியிருக்கலாமே என்று. படிக்கட்டில் அவரைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவேன். அவரும் அப்படியே ஆட்டிவிட்டுப் போவார். அதற்கு முன்னால் நாங்கள் நின்று நாலு வார்த்தை பேசுகிறவர்கள்தான்.

நியாயமாகச் சொன்னால், அந்த எச்சரிக்கை தன் வேலையைச் செய்தது. நான் ஒதுங்கியிருந்தேன், அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியும் இருந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் செயலி 2020-இன் கடைசி மூன்று மாதத்தில் எத்தனை பேருக்குத் தொற்று வராமல் தடுத்தது என்று நேச்சர் இதழில் கணக்கிட்டிருந்தார்கள். ஒரு கணக்கு முறையில் 2,84,000, இன்னொரு கணக்கு முறையில் 5,94,000. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருந்தாலும் சின்ன எண் இல்லை. அதே சமயம் ஆஸ்திரேலியாவின் செயலியை 2022-இல் மூடியபோது, மனிதர்கள் கண்டுபிடிக்காத எத்தனை தொற்றாளர்களை அது தனியாகக் கண்டுபிடித்தது என்று பார்த்தால், இரண்டு. ஜப்பானில் இன்னும் விசேஷம். ஆண்ட்ராய்டு போன்களில் மாதக்கணக்கில் எச்சரிக்கையே போகவில்லை, அதை 2021 பிப்ரவரியில்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள். எச்சரிக்கை வரவில்லை என்று அத்தனை நாளும் நிம்மதியாக இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். என் செயலி பேசியதே பெரிது.

கதை அங்கேயே நின்றிருந்தால் இந்த அனுபவத்தை எழுதியிருக்க மாட்டேன். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறிப் போனார். சாவியை என்னிடம் கொடுத்துவைக்க வந்தவர், கிளம்புகிற தைரியத்திலோ என்னவோ, தயங்கித் தயங்கிக் கேட்டார்: “சார், தப்பா நினைக்காதீங்க. அந்தக் கொரோனா நேரத்துல உங்க வீட்ல யாருக்காவது பாசிட்டிவ் வந்துச்சா?”

அவருக்கும் அதே சனிக்கிழமை எச்சரிக்கை வந்திருக்கிறது. அதே செவ்வாய்க்கிழமை. அவரும் சுவரைத்தான் சந்தேகித்திருக்கிறார். என் அம்மாவை அறையில் வைத்துக் கதவுக்கு வெளியே தட்டு வைத்ததை அவர் மனைவி சன்னல் வழியாகப் பார்த்து, முடிவே கட்டிவிட்டாராம்.

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தோம். “அப்படின்னா அன்னிக்கு நாம ரெண்டு பேரும் எங்கே சேர்ந்து இருந்தோம்?” என்று கேட்டது நான்தான். அவர் யோசிக்கவே இல்லை. “லிஃப்ட் சார். அன்னிக்குத்தானே லிஃப்ட் மாட்டிக்கிச்சு.”

ஆமாம். வாசல் தாண்டவில்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தவன், கதவைத் திறந்து படிக்கட்டுப் பக்கம் அரைமணி நேரம் நின்றிருந்தேன். அதை ‘வெளியே’ என்று மனம் கணக்கிலேயே சேர்க்கவில்லை. லிஃப்ட் சரிசெய்ய வந்தவருக்கு நான் டார்ச் அடித்தேன், இவர் திருப்புளியை எடுத்து எடுத்துக் கொடுத்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு மூன்று பேரும் ஒரு சதுர அடிக்குள் குனிந்துகொண்டிருந்தோம்.

எண்ணை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றி, பட்டியலே இல்லாமல், ஊர் உலகத்து மேதைகள் உட்கார்ந்து மறைத்த ஒரு பெயரை, இரண்டு பேர் வாசலில் நின்று தேதியை ஒப்பிட்டு ஐந்து நிமிடத்தில் அவிழ்த்துவிட்டோம். உறுதி என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அன்று எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக வேறு ஆளே இல்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். பிறகு அவர் சொன்னார்: “பாவம் சார் அந்த ஆளு. காய்ச்சல்ல படுத்துக்கிட்டு, அந்தக் கோட் நம்பரப் போட்டு அனுப்பியிருக்கான் பாருங்க.” எனக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை. அந்த எச்சரிக்கை தானாகப் புறப்பட்டு வரவில்லை. ஒருவர் தன் போனில் குறியீட்டை அடித்து, ‘பகிரவா?’ என்று கேட்டதற்கு ‘ஆம்’ என்று அழுத்தினால்தான் வரும். அடுத்த வேலைக்கு யாராவது கூப்பிடுவார்களா என்ற கவலை அவருக்கு இருந்திருக்காதா? தன் பெயர் எங்கள் திரையில் வராது என்று நம்பித்தானே அழுத்தியிருப்பார்?

அப்படியானால் இத்தனை நாள் நான் திட்டித் தீர்த்த அந்த ஊமைத்தனம்தான் எனக்கு எச்சரிக்கையையே வாங்கித் தந்தது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டபின்னும் எரிச்சல் போகவில்லை. மணி எத்தனை என்றாவது சொல்லியிருந்தால் ஒரு நல்ல அண்டைவீட்டுக்காரரோடு இவ்வளவு காலம் தலையாட்டிக்கொண்டிருந்திருக்க மாட்டேன். மணி சொல்லியிருந்தால் லிஃப்ட்காரரை அன்று மத்தியானமே பிடித்திருப்பேன் என்பதும் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய?

இன்னொரு நோய் வந்து, இன்னொரு செயலி வந்தால் போடுவேனா? சத்தியமாக மாட்டேன். இன்னொரு செவ்வாய்க்கிழமையைத் தாங்கிக்கொள்ள என்னால் முடியாது. அம்மாவின் போனில் மட்டும் வந்த அன்றே போட்டுவிடுவேன்.

நண்பா, நீ கேட்டதற்குப் பதில்: உன் போனில் இருந்தால் தாராளமாக அழித்துவிடு, அதனால் இனி யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. என்னுடையது இப்போதைக்கு இருக்கட்டும். ப்ளூடூத்தைப் போடச் சொல்லிக் காலையில் மறுபடி கேட்டது. போட்டுவிட்டேன்.