லெவினா, அன்னாவா?

திருகோணமலைக் கடற்கரையில் கச்சான் கொறித்தபடி நண்பனோடு வாக்குவாதம். நாவலுக்குச் சொந்த வாழ்க்கை நல்லதா, அடுத்தவர் வாழ்க்கையா? "உன்ர கதையை எழுது மச்சான், அதுதான் உண்மை" என்றான்.

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் தன் 'அன்னா கரீனினா' நாவலில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறார். அதில் வரும் பண்ணைக்காரன் லெவின் ஏறக்குறைய அவரேதான். பெயரே தன் பெயரான லெவ்விலிருந்து வந்தது. 1862இல் கல்யாணத்துக்கு முன் 18 வயது சோஃபியாவிடம் தன் நாட்குறிப்புகளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நாவலில் லெவினும் தான் கட்டப்போகும் கிட்டியிடம் அதையே செய்கிறான், அவள் அழுகிறாள். சரி, விவரத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் தன்னையே எழுதுபவருக்கு எதை விடுவதென்று தெரிவதில்லை. லெவினின் விவசாயச் சிந்தனைகளை நான் இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

நாவலின் நாயகி அன்னா வேறு. 1872இல் அயல் பண்ணைக்காரரோடு வாழ்ந்த ஒருத்தி, அவள் பெயரும் அன்னாதான், ரயில் முன் விழுந்து இறந்தாள். டால்ஸ்டாய் போய் உடலைப் பார்த்தார். மற்றதில் பெரும்பகுதி அவரே கட்டியது. நாவலின் அன்னாவும் ரயில் முன் விழப் போகிறாள்; கடைசி நேரத்தில் கையிலிருந்த சிவப்புப் பையைக் கழற்றப் போய், ரயிலின் முதல் பெட்டியைத் தவறவிடுகிறாளே, அந்த ஒரு கணத்துக்கு லெவினின் நூறு பக்கமும் ஈடாகாது.

நான் அன்னா பக்கம். நண்பனிடம் பதில் இருந்திருக்கும். அதற்குள் ஊர் மான் ஒன்று வந்து கச்சான் பையைக் கவ்விவிட்டது.