கியர்பொக்ஸைக் கழற்றாமல் தீர்த்த கோளாறு: திருகோணமலைக் கராஜ் ஒன்றின் சேவை பற்றி

ஓட்டோ கியர் உள்ள ஜீப்பில் கியர் சார்ந்த கோளாறு எது வந்தாலும், திருகோணமலையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "கியர்பொக்ஸை மாற்ற வேண்டும்" என்பதாகவோ, "கொழும்புக்குக் கொண்டுபோங்கள்" என்பதாகவோ இருக்கிறது. அநுராதபுரச் சந்திக்கு அருகே உள்ள சிறிய கராஜ் ஒன்று, எமது ஜீப்பின் கியர்பொக்ஸில் கைவைக்காமல், அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியே (கியர் மொடியூல்) பழுது என்று எம் கண்முன்னே நிறுவிக் காட்டி, அதை முறையாக மாற்றியும் தந்தது. விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் கராஜின் பெயரை இங்கே தரவில்லை. வேலையின் தரத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

காலையில் வாகனம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். வெயில் ஏறிய பின், கந்தளாய்ப் பக்கம் போகும்போதோ கிண்ணியா வரை போய்த் திரும்பும்போதோ, திடீரென ஓர் உதறல் உதறி ஒரே கியரில் நின்றுவிடும். எஞ்சின் இரைந்தாலும் வேகம் கூடாது. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியும். நிறுத்தி, சிறிது நேரம் ஆறவிட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும். நகரில் முதலில் காட்டிய ஓர் இடத்தில், வாகனக் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0700 என்ற பிழை எண்ணைப் பார்த்த மாத்திரத்திலேயே பாவித்த கியர்பொக்ஸ் ஒன்றுக்கு விலை சொன்னார்கள். உண்மையில் அந்த எண் எந்தப் பாகத்தையும் குறிப்பதில்லை. கியர்க் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ ஒரு பிழை பதிவாகியுள்ளது என்று எஞ்சின் கணினிக்குச் சொல்லும் பொதுவான அறிவிப்பே அது. காரணத்தைச் சொல்லும் எண் கியர் மொடியூலுக்குள் இருக்கும்; அதைப் படிக்க, எஞ்சின் கணினியோடு நின்றுவிடாமல் கியர்பொக்ஸ் பகுதிக்குள்ளும் நுழையக்கூடிய ஸ்கேனர் தேவை.

இந்தக் கராஜில் வேலை அங்கிருந்துதான் தொடங்கியது. வாகனத்தில் உள்ள மற்றக் கணினிகள் அனைத்தையும் ஸ்கேனரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபோது அவற்றில் யு0101 என்ற பிழை எண் பதிவாகியிருந்தது. அதாவது, கியர் மொடியூலோடு இருந்த தொடர்பு அவற்றுக்கு இடையிடையே அறுந்து போயிருக்கிறது. அத்துடன் கியர் ஒயிலையும் எடுத்துப் பார்த்தார்கள். அது சிவப்பாகவும் தெளிவாகவும், கருகிய வாசம் இல்லாமலும் இருந்தது. உள்ளே கிளச் தட்டுகள் தேய்ந்து எரிந்திருந்தால் ஒயில் கறுத்துப் போயிருக்கும் என்று உரிமையாளர் விளக்கினார். இந்த நிலையிலேயே மொடியூலை மாற்றச் சொல்லியிருந்தாலும் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் சொன்னது வேறு: "சேர், பெட்டியிலதான் பிழை எண்டு காட்டாமல் உங்களைக் காசு செலவழிக்கச் சொல்ல மாட்டன்."

தொடர்பு அறுவதற்கு வயர்களும் காரணமாகலாம் என்பதால், முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரு வயர்களுக்கு இடையிலான மின்தடையை அளந்தார்கள். அந்த வயர்ச் சோடியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் இருப்பதால், அளவு 60 ஓமுக்கு அருகில் வர வேண்டும், அப்படியே வந்தது. பின்னர் மொடியூலுக்கு வரும் மின்சாரத்தையும் எர்த் இணைப்பையும் வெறும் மீற்றரால் மட்டும் பார்க்காமல், ஒரு பல்பை எரியவிட்டுச் சுமையோடு சோதித்தார்கள். எனக்கு இது மிக முக்கியமாகப் பட்டது. அரித்துப்போன வயரில் ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் 12 வோல்ட் காட்டிவிடும். பல்பு மங்கினால்தான் குட்டு வெளிப்படும். கடற்காற்று ஓயாமல் வீசும் எமது ஊரில், இணைப்பு முனைகளில் பச்சையாகக் களிம்பு படிவதைக் காணாத மெக்கானிக் இருக்க முடியாது. ஆகவே, அந்த ஐயத்தைத் தீர்க்காமல் புதுப் பெட்டி வாங்குவது பணத்தைக் கடலில் எறிவதற்குச் சமம்.

இறுதியாக, எஞ்சின் அறையில் பற்றரிக்குப் பக்கத்தில் இருந்த மொடியூலை, ஸ்கேனர் அதனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, சூடான காற்று ஊதும் கருவியால் மெதுவாகச் சூடாக்கினார்கள். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய அளவுக்கே சூடேற்றினார்கள். அதற்குள் திரையில் தொடர்பு அறுந்தது. மின்சாரமும் எர்த்தும் சற்றும் குறையவில்லை. பல்பு முன்போலவே பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது. ஆறவிட்டதும் தொடர்பு திரும்பி வந்தது. வெப்பத்தில் விரியும்போது மின்சுற்றுப் பலகையின் ஈயப் பற்றில் உள்ள நுண்ணிய வெடிப்பு விலகுவதே இத்தகைய கோளாறுகளுக்கு வழமையான காரணம் என்றார் உரிமையாளர். காலையில் வராத கோளாறு வெயிலில் வருவதற்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மாற்றுப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானமாக இருந்தார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த மொடியூல் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனால், பாக இலக்கத்தின் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும் என்பதையும், சில மொடியூல்கள் பழைய வாகனத்தின் அடிச்சட்ட இலக்கத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால் வேறு வாகனத்தில் ஏற்றுக்கொள்ளப்படாமல் போகலாம் என்பதையும், அதுவும் இதே அளவு வெப்பத்தையும் வயதையும் கடந்து வந்த பொருள்தான் என்பதையும் சொன்னார்கள். நாங்கள் புதியதையே வரவழைத்தோம்.

புதிய பெட்டியைப் பூட்டியதோடு வேலை முடிந்துவிடாது. மென்பொருளை ஏற்றி, அடிச்சட்ட இலக்கத்தைப் பதிந்து, பின்னர் கியர்பொக்ஸின் போக்கை மொடியூலுக்குப் பழக்க வேண்டும். மென்பொருள் ஏறும்போது மின்னழுத்தம் விழுந்தால் புதிய பெட்டியே பயனற்றுப் போகலாம் என்பதால், பற்றரியோடு மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் சார்ஜரை இணைத்து, விளக்கு, விசிறி, ஏசி அனைத்தையும் நிறுத்தியே அதைச் செய்தார்கள். அடுத்து, ஒயில் உரிய வெப்பநிலைக்கு வந்த பிறகு, தரித்து நின்றபடியே கியர்களை மாற்றியும், நிலாவெளி வீதியில் இலேசாக மிதித்து ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்கியும் பழக்கினார்கள். ஒவ்வொரு கிளச்சும் எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது என்பதை மொடியூல் இந்த ஓட்டத்தில்தான் கற்றுக்கொள்கிறது. பெட்டியை மாற்றியும் உதறல் போகவில்லை என்று குறைப்படுபவர்கள், இந்தப் படி தவறவிடப்பட்டதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

அதன்பின் நண்பகல் வெயிலில் ஹபரணை வரை போய் வந்திருக்கிறோம். மாமியின் வீட்டுக்கு மூதூருக்கும் குடும்பத்தோடு போனோம். உதறல் இல்லை, விளக்கும் எரியவில்லை. புதிய மொடியூலின் விலையும் கூலியும் சேர்ந்து, முதல் இடத்தில் கியர்பொக்ஸுக்குச் சொன்ன தொகையின் பாதிக்கும் குறைவாகவே வந்தது. சோதனைக்கான கட்டணத்தைத் தனியாகக் குறிப்பிட்டு வாங்கினார்கள். அது நியாயமானது, அரை நாள் உழைப்பும் அறிவும் அதில் அடங்கியிருக்கின்றன.

குறைகளும் உண்டு. சோதனையில் கண்டவற்றை எழுத்தில் தரும் வழக்கம் அங்கே இல்லை; அளந்த அளவுகளையும் பிழை எண்களையும் நானே கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஆறு மாத உத்தரவாதத்தையும் வாய்மொழியாகவே சொன்னார்கள். கேட்ட பிறகே பற்றுச்சீட்டில் எழுதினார்கள். இவ்வளவு தெளிவாக வேலை செய்பவர்கள் ஒரு தாளில் அதைப் பதிந்து கொடுத்தால், பின்னொரு நாள் வேறு ஊரில் வாகனத்தைக் காட்ட நேரும்போது அது பெரிதும் உதவும். காத்திருப்பவர்கள் அமர நிழலான இடமும் இல்லை. பாகம் வந்து சேரும் நாள் இருமுறை தள்ளிப்போனபோது, நாங்கள் அழைத்துக் கேட்ட பின்பே சொன்னார்கள். வாகனத்தை விடப் போகிறவர்கள் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு, கோளாறு எந்த நேரத்தில், எவ்வளவு தூரம் ஓடிய பின் வருகிறது என்பதைக் குறித்துக்கொண்டு போனால், சோதனை அங்கிருந்தே தொடங்கும்.