டீ குடித்துவிட்டு வந்தால் எடுக்காது: ஆறு வருட ஜெட் படகு அனுபவம்

நான் இருப்பது நியூசிலாந்தில். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே டனீடின் ஊரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, ஜெட் போட் ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. மொதல்ல சொன்னதைவிட அஞ்சாயிரம் டாலர் குறைச்சிருக்கான். நீங்க ஆறு வருஷமா வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" அரை மணி நேரம் பேசியிருப்பேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது: படகைப் பற்றிப் பேசியது ஐந்து நிமிடம், மீதி நேரம் முழுக்க செல்ஃப் மோட்டாரைத் திட்டியிருக்கிறேன். அவர் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது அலுமினியப் படகு. 5.7 லிட்டர் வி8, கார்பரேட்டர் வைத்த பழைய எஞ்சின். 2019இல் கிறைஸ்ட்சர்ச்சில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பெரும்பாலும் வைமாகரிரி ஆற்றில் ஓட்டுவேன், எப்போதாவது ரக்காயாவில். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள், வீட்டில் அந்தக் கணக்கு இன்னும் தெரியாது.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கோபத்தில் மறந்துவிடும். கிறைஸ்ட்சர்ச்சைச் சுற்றியுள்ள கேன்டர்பரி பகுதியின் ஆறுகள் ஒரே ஓட்டமாக ஓடுபவை அல்ல. அகலமான கூழாங்கல் படுகை, அதில் பின்னலை அவிழ்த்துப் போட்டது போல ஏழெட்டு ஓடைகள். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அவை இடம் மாறும். சில இடங்களில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வராது. அடியில் விசிறி தொங்கும் படகு அங்கே அரை மணி நேரம் தாங்காது. பில் ஹாமில்டன் என்ற பண்ணைக்காரர், மெக்கன்சி பகுதியில் ஐரிஷ்மேன் க்ரீக் என்ற தன் ஆட்டுப் பண்ணையில், 1950களில் இதற்குத்தான் வழி தேடினார். தண்ணீரை அடியில் உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் யோசனை அவருடையது அல்ல, அவருக்கு முந்தியே இருந்தது. பீய்ச்சும் வாயை அவர் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தார், அதில்தான் சூட்சுமம் பிடிபட்டது. 1960இல் அவருடைய ஜெட் படகுகள் அமெரிக்காவில் கொலராடோ ஆற்றை எதிர்த்து, கிராண்ட் கேன்யன் வழியாக மேலே ஏறின.

அந்தச் சுகத்தை அனுபவித்தால்தான் தெரியும். கண்ணாடி மாதிரித் தண்ணீர், அடியில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிகிறது, அதற்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நாம் பறக்கிறோம். ஆறு வருடம் ஆகியும் ஆழமில்லாத இடம் வரும்போது என் கால் தானாகத் தூக்கிக்கொள்ளும், ஏதோ என் பாதம்தான் கல்லில் இடிக்கப் போவது போல.

ஆனால் ஒன்று. பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பித்தான் இந்தப் படகு திரும்புகிறது. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங்கும் போச்சு. ஆறு எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான். அதனால் ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் என்பது இங்கே வீட்டு வாசலில் நின்றுபோன ஸ்கூட்டர் மாதிரி விஷயமில்லை.

இனி என் தலைவலி. காலையில் சாவியைத் தொட்டால் போதும், எடுத்துவிடும். ஆற்றில் ஒரு மணி நேரம் ஓட்டி, கூழாங்கல் திட்டில் ஒதுக்கி நிறுத்தி, பிளாஸ்க்கைத் திறந்து டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டக்'. அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் இன்னொரு 'டக்'. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல எடுக்கும். ஐந்து வருடம் இந்த மக்கர்.

இரண்டாவது கோடையில் நடந்ததை மறக்க முடியாது. இந்தப் பக்கம் வடமேற்குக் காற்று அடித்தால் கிறைஸ்ட்சர்ச்சில் வெயில் கொளுத்தும், மேலே நியூசிலாந்தின் தெற்கு ஆல்ப்ஸ் மலையில் மழை கொட்டும். அந்த மழை நம் தலையில் விழாது, சில மணி நேரம் கழித்து ஆறாக வரும். அன்று திட்டில் உட்கார்ந்திருந்தோம். மகன் தண்ணீரோரத்தில் ஒரு வில்லோ குச்சியை நட்டு, அதைச் சுற்றிக் கல் அடுக்கிக்கொண்டிருந்தான். கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினேன். 'டக்'. பத்துப் பன்னிரண்டு தடவை திருப்பியிருப்பேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் குச்சி தண்ணீருக்குள் நிற்கிறது, கல் வட்டத்தைக் காணோம். பச்சையாக இருந்த ஆறு சாம்பல் நிறமாகியிருந்தது. என் மனைவி எதுவும் பேசவில்லை. பிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டு, மகனுடைய லைஃப் ஜாக்கெட் வாரை ஒருமுறை இழுத்து இறுக்கினாள்.

எஞ்சின் மூடியைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. வேறு வழி தோன்றாமல் துண்டை ஆற்றில் நனைத்துச் செல்ஃப் மேல் போர்த்தினேன். பனி உருகி வரும் தண்ணீர், கை மரத்துப் போகும் குளிர். துண்டு சூடாக ஆக மறுபடி நனைத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிட்டது.

ஈரத் துண்டு போட்டதும் எடுக்கிறது என்றால் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. திங்கட்கிழமை போய்ப் புது பேட்டரி வாங்கினேன். 280 டாலர்.

அது சரிவராமல் ஒரு பட்டறையில் விட்டேன். இக்னிஷன் சாமான்களை எல்லாம் மாற்றி 640 டாலர் பில் கொடுத்தார்கள். செல்ஃபே சுற்றவில்லை என்கிறேன், அவர்கள் பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தாலும் முழுப் பழியையும் அவர்கள் மேல் போட முடியாது. டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எஞ்சின் ஆறிவிடும். பட்டறைக்காரர் சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே உறுமும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிடுமே, அதே கதை.

அடுத்து செல்ஃபையே மாற்றினேன். 520 டாலர். பார்ப்பதற்கு அச்சு அசலாக அதே மாதிரி செல்ஃப் கார் சாமான் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும், கை அரிக்கும். வாங்காதீர்கள். படகுக்கான செல்ஃபில் உள்ளே பறக்கும் பொறி வெளியே வராதபடி அடைத்திருப்பார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் போய்த் தங்கிவிடும். கார் என்றால் அடியில் திறந்திருக்கும், ஆவி கலைந்துவிடும். படகு என்பது அடைத்த தொட்டி. ஊரில் லாரி மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை வைத்து செல்ஃபை ஷார்ட் பண்ணி எடுப்பாரே, அந்த வித்தையையும் இங்கே காட்டக் கூடாது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் நான்கு நிமிடம் புளோயரை, அதாவது ஆவியை வெளியே தள்ளும் விசிறியை, ஓடவிடச் சொல்வது இதற்காகத்தான்.

புது செல்ஃப் குளிர்காலம் முழுக்க ஒழுங்காக இருந்தது. டிசம்பர் வந்தது, இங்கே அதுதான் கோடை. டீ குடித்தோம், 'டக்'.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'டக்' என்று கேட்டதும் எல்லாம் ஒரே வியாதி என்று நினைக்காதீர்கள். முதல் வருடம் எனக்கே ஒருமுறை வேறு காரணம். பெரும்பாலான ஜெட் படகில் கியர் பாக்ஸ் கிடையாது, எஞ்சினும் பம்பு விசிறியும் ஒரே தண்டில் சேர்ந்தே சுற்றும். விசிறிக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவில் ஒரு கல் மாட்டினால் செல்ஃப் எவ்வளவு முக்கினாலும் அசையாது. பேட்டரி ஸ்விட்சை அணைத்துவிட்டு, தண்டைப் பிடித்துப் பின்பக்கமாக அசைத்துப் பார்த்தேன். கொட்டைப்பாக்கு அளவு கல் ஒன்று உள்ளே 'கடக்' என்று விழுந்தது. அதைவிட மோசமானது சிலிண்டருக்குள் தண்ணீர் போவது. வீட்டில் ஹோஸ் போட்டுக் கழுவும்போது முதலில் எஞ்சினை எடுத்து, அப்புறம்தான் குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் குழாய், அப்புறம் எஞ்சின். மாற்றிச் செய்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகப் பின்னால் ஏறும் அபாயம் உண்டு. தண்ணீரை அழுத்த முடியாது, எஞ்சின் இறுகி நிற்கும். அப்போது சாவியைத் திருப்பித் திருப்பி வதைக்காமல், பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டுச் சுற்றவிட்டால் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும்.

என் வியாதி இரண்டும் இல்லை. கடைசியில் 30 டாலருக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். ஐந்து வருடம் முன்பே வாங்கியிருக்க வேண்டிய சாமான். ஆற்றில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, கரையில் கட்டி, எஞ்சின் மூடியைச் சாத்திவிட்டுக் காத்திருந்தேன். ஓடும்போது ஆற்று நீர் உள்ளே சுற்றிக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் அந்தச் சுற்று நின்று, இரும்பில் இருக்கும் சூடெல்லாம் மூடிய பெட்டிக்குள் பரவும். செல்ஃப் வெந்துகொண்டிருக்கும். பதினைந்து நிமிடம் கழித்து மனைவி சாவியைத் திருப்ப, நான் குப்புறப் படுத்து மீட்டர் முனைகளைப் பிடித்தேன்.

"திருப்பட்டுமா?"

"ம், திருப்பு."

பேட்டரியில் 12.4 வோல்ட். செல்ஃபுக்கு வரும் தடித்த ஒயரிலும் 12.4. சாவியிலிருந்து சோலினாய்டுக்கு (செல்ஃபை இயக்கிவிடும் காந்த ஸ்விட்ச்) வரும் மெல்லிய ஒயரில் 7.1. ஐந்து வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போயிருக்கிறது.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பேட்டரியிலிருந்து முன்னால் டாஷ்போர்டுக்குப் போய், சாவி, பல முனை பிளக் என்று சுற்றிக்கொண்டு மறுபடி பின்னால் வருகிறது அந்த ஒயர். பிளக்கைப் பிரித்தால் ஒவ்வொரு ஊசியிலும் பச்சைக் களிம்பு, புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடம் மாதிரி. செம்புக் கம்பி சூடானால் அதன் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். 60 டிகிரி ஏறினால் ஏறக்குறைய கால் பங்கு. ஆறியிருக்கும்போது அரைகுறை வோல்ட்டிலும் எப்படியோ இழுத்துவிடும் சோலினாய்டு, சூட்டில் பாதி இழுத்து 'டக்' என்று விட்டுவிடுகிறது. இந்த நீளமான சுற்றைத் தவிர்க்க எஞ்சின் பக்கத்திலேயே ஒரு துணை சோலினாய்டு வைப்பது வழக்கம். என் படகில் அதற்கான இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான் யாரோ கழற்றிவிட்டு ஒயரை நேராக முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்.

ஊசிகளைச் சுத்தம் செய்து, படகுக்கு என்றே வரும் துணை சோலினாய்டு ஒன்றை மாட்டினேன். 38 டாலர். இரண்டு மணி நேர வேலை. சூட்டில் மறுபடி பார்த்தால் 11.8 வோல்ட். அடித்துக்கொண்டு சுற்றியது.

அடுத்த சனிக்கிழமை ஜம்பமாகத் திட்டில் நிறுத்தி, வேண்டுமென்றே இரண்டு கப் டீ குடித்தேன். செல்ஃப் திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றினேன், பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து மாட்டி, புளோயர் ஓடவிட்டு மறுபடி திருப்பினேன். இல்லை. நாற்பது நிமிடம் போனது. மகன் வந்து, "அப்பா, இந்தச் சிவப்புக் கயிறு கீழே கிடந்துச்சு" என்று நீட்டினான். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்த இருக்கும் பாதுகாப்புக் கயிறு. இறங்கும்போது என் கால்தான் தட்டிவிட்டிருக்கிறது. அது மாட்டியிருக்காவிட்டால் செல்ஃப் சுற்றும், தீப்பொறி வராது. படகுக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும் விஷயம்.

அதற்கப்புறம் ஐந்து மாதமாக ஒரு தடவைகூட மக்கர் இல்லை. இத்தனைக்குப் பிறகும் மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டுதான். நியாயமில்லை என்று எனக்கே தெரியும். எஞ்சின் மேல் குற்றமில்லை, ஜெட் பம்பு தங்கம். குற்றமெல்லாம் 38 டாலர் சாமானைக் கழற்றியவர் மேல், மீட்டர் வாங்காமல் 1,440 டாலர் தொலைத்த என் மேல். ஆனாலும் இரண்டுதான். இன்றும் திட்டில் இறங்கி உட்கார்ந்தால் டீ ருசிப்பதில்லை, கண் தானாகத் தண்ணீரோரத்துக்குப் போகிறது. அதற்கு யார் மார்க் கொடுப்பது?

தம்பிக்குப் பதில்: வாங்காதீர்கள். வாங்கத்தான் போகிறீர்கள் என்று தெரியும், அதனால் இன்னொன்று. விற்பவர் வீட்டு முற்றத்தில் ஹோஸ் போட்டு ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டுவார், எனக்கும் அப்படித்தான் காட்டினார்கள். அதைப் பார்த்துப் பணத்தை எடுக்காதீர்கள். ஆற்றுக்கு வரச் சொல்லி, ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி, நிறுத்தச் சொல்லுங்கள். கையோடு பிளாஸ்க் கொண்டுபோங்கள். அவருக்கும் ஒரு கப் ஊற்றிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டு, அப்புறம் சாவியை நீங்களே திருப்புங்கள்.