வம்சாவளி தேட இணையச் சந்தாவா, நூலக ஆவணப் பிரிவா?

இரண்டு வருடம் ஒரு வம்சாவளித் தளத்துக்குச் சந்தா கட்டினேன். கொஞ்ச நாளாக நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கொள்ளுத்தாத்தா ஏன் திடீரென்று வீட்டை விட்டுக் குடும்பத்தோடு கிளம்பினார் என்பதுதான் என் கேள்வி. இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், என் ஓட்டு நூலகத்துக்கு.

இணையத்தின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான், ராத்திரி பதினொரு மணிக்கும் தேடலாம். ஃபேமிலிசர்ச் தளம் இலவசமும்கூட. 1938-இலிருந்து அவர்கள் சேர்த்த மைக்ரோஃபிலிமில் (பழைய ஆவணங்களைப் பொடியாகப் படமெடுத்து வைத்த சுருள்) சுமார் 24 லட்சம் சுருள்களை 2021-இல் டிஜிட்டலாக்கி முடித்தார்கள். பிறந்த தேதி, கல்யாணத் தேதி, இறந்த தேதி மட்டும் போதும் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு அது போதவில்லை. இணையத்தில் எல்லாமே பெயரில் தொங்குகிறது. பழைய பதிவேட்டில் இருக்கும் பெயரை யாரோ ஒருவர் படித்து அட்டவணையில் ஏற்றியிருக்க வேண்டும், அல்லது கணினி அந்த மங்கிய அச்சைச் சரியாகப் படித்திருக்க வேண்டும். முதல் எழுத்து மாறினால்கூட ஆள் சிக்க மாட்டார். நூலகத்தில் அடுக்குமுறையே வேறு, அங்கே எல்லாம் இடமும் வருடமும்தான். பழைய முகவரிக் கையேடுகளில் தெருவாரியாக, கதவு எண் வரிசையில், குடியிருந்தவர் பெயரும் தொழிலும் போட்டிருப்பார்கள். அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகள் 1921 தீ விபத்தில் சேதமாகி, பிறகு பெரும்பாலும் இல்லாமலே போய்விட்டன, அந்த இடைவெளியை நிரப்ப அங்கே தேடுகிறவர்கள் நம்புவதும் இந்த மாதிரிக் கையேடுகளைத்தான்.

நான் ஐந்து வருடத்துக் கையேடுகளை மேசையில் வரிசையாக விரித்து வைத்தேன். நாலு வருடம் கொள்ளுத்தாத்தா பெயர், பக்கத்தில் 'தச்சர்'. ஐந்தாவதில் அதே கதவு எண்ணில் வேறு யாரோ. சரி, இடைப்பட்ட அந்த வருடத்துச் செய்தித்தாளைப் பார்ப்போம் என்று மைக்ரோஃபிலிம் சுருளை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தேன். மூன்று சனிக்கிழமை போனது. கடைசியில் ஒரு பக்கத்தின் அடிமூலையில் ஆறு வரி: அதே தெருவில் இருந்த மரக்கிடங்கு எரிந்துபோயிற்று, வேலை பார்த்தவர்களுக்குப் பிழைப்பு இல்லை. அந்த ஆறு வரியில் கொள்ளுத்தாத்தா பெயரே கிடையாது. அவர் பெயரைப் போட்டு ஆயுசு முழுக்கத் தேடியிருந்தாலும் அந்தச் செய்தி என் கண்ணில் பட்டிருக்காது. அவர் அங்கேதான் வேலை பார்த்தார் என்பதற்கு இன்னும் காகிதம் கிடைக்கவில்லை, ஆனால் தச்சர், அதே தெரு, அதே வருடம்.

நூலகத்தில் சிரமமும் உண்டு. நேரம் தின்னும், இந்தப் பிரிவில் உள்ளதை வீட்டுக்குத் தர மாட்டார்கள். பழைய அசிட்டேட் சுருள் சிலவற்றின் பெட்டியைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை நூலகரிடம் உடனே சொல்லிவிடுங்கள். நிலப் பதிவேடுகளை நான் ஒரே ஒரு தடவைதான் புரட்டியிருக்கிறேன், அதனால் அதில் என் பேச்சை ரொம்ப நம்ப வேண்டாம். அப்புறம், பல நூலகங்கள் கட்டணத் தளங்களையே உள்ளே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்க விடுகின்றன. அது தெரிந்த அன்றே சந்தாவை நிறுத்தினேன்.

போகிறவர்கள் நூலகரிடம் பெயரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். தெருவையும் உத்தேச வருடத்தையும் சொல்லுங்கள், அட்டவணையில் ஏறாத பத்திரிகை நறுக்குக் கோப்புகள்கூட அப்போதுதான் வெளியே வரும். எனக்கு அப்படித்தான் தீக்காப்பீட்டு வரைபடம் ஒன்று இருப்பதே தெரியவந்தது. அந்த மாதிரி வரைபடத்தில் ஒவ்வொரு கட்டடத்தையும் தனித்தனியாக வரைந்து, செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள் என்று வண்ணம் தீட்டியிருப்பார்கள். வரும் சனிக்கிழமை எடுத்து வைக்கிறேன் என்றிருக்கிறார் நூலகர். அந்தக் கிடங்குக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே எத்தனை மஞ்சள் கட்டம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.