‘ஒரிஜினல்’ ரெசின் கிட் என்று நம்பி 320 வெள்ளியைத் தொலைத்தேன்

சிங்கப்பூரில் பழைய கடைத்தொகுதி ஒன்றின் மூன்றாம் மாடியில் மாடல் பொம்மைகள் விற்கும் சிறிய கடையில், சென்ற சனிக்கிழமை 320 வெள்ளி கொடுத்து 1/100 அளவிலான ரெசின் மெக்கா (ரோபோ) கிட் ஒன்றை வாங்கினேன். இரு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ரெசின் பாகங்களை நாமே பொருத்தி, வண்ணம் தீட்டிக் கட்டும் பொம்மை அது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இன்று வியாழக்கிழமை. அதன் பாகங்கள் என் மேசைமீது பரப்பிக் கிடக்கின்றன; அவற்றுள் ஒழுங்கானது என்று எடுத்துவைக்க நான்கைந்துகூடத் தேறவில்லை.

பல ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் கிட் கட்டி வருபவன் நான். அவை உலோக அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படுபவை என்பதால் எந்தப் பெட்டியை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே தரம்தான். ரெசின் கிட் அப்படிப்பட்டதன்று. சிலிக்கோன் ரப்பர் அச்சில் கையால் ஊற்றி எடுக்கும் பொருள் அது. அந்த அச்சும் சில பத்து வார்ப்புகளிலேயே தேய்ந்து கிழியத் தொடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு பெட்டியையும் தனியே திறந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். இது தெரிந்தும் ஏமாந்தேன் என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கடைக்காரர் தமிழர். கண்ணாடிப் பேழைக்குள் வண்ணம் தீட்டி நிறுத்தியிருந்த அதே ரோபோவைக் காட்டி, பிறகு சிறிய பை ஒன்றிலிருந்து மார்புக் கவசத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தந்த நிறம், நகத்தால் வருடினால் தெரியும் அளவுக்குக் கூர்மையான விளிம்புகள், ஒரு குமிழிகூட இல்லை. ஜப்பானில் மக்குஹாரி மெஸ்ஸே அரங்கில் கோடையிலும் குளிரிலும் நடக்கும் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற மாடல் பொம்மைச் சந்தையில், அந்த ஒருநாள் மட்டும் விற்பதற்கான உரிமம் பெற்று சிறு எண்ணிக்கையில் விற்கும் சிற்பி ஒருவரிடம் தாமே வரிசையில் நின்று வாங்கிவந்ததாகச் சொன்னார். பெட்டியைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒட்டுநாடாவைக் கிழித்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்றவர், “நம்ம பையனுக்கு நான் மோசம் செய்வேனா, தம்பி?” என்றார். அந்தத் ‘தம்பி’ என்ற ஒரு சொல்லுக்காக, அங்கேயே நின்றபடி பேநவ் வழியாக 320 வெள்ளியை அனுப்பிவிட்டேன்.

வீட்டில் பையைப் பிரித்ததும் முதலில் வந்தது புளித்த எண்ணெய் வாடை. கையில் கொடுத்துக் காட்டிய மார்புக் கவசத்துக்கும் பெட்டிக்குள் இருந்த மார்புக் கவசத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கால்கள் மஞ்சள், கைகள் வெளிர்சாம்பல். தோள்பட்டையின் நடுவே அச்சின் இரு பாதிகளும் விலகியதால் அரை மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு படி. அதைச் சமப்படுத்தத் தேய்த்தபோது, மேல்தோலுக்கு அடியில் ஆப்பத்தின் நடுவே இருப்பதுபோலத் துளைத்துளையாக வெளிப்பட்டது. முதுகுப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினேன், ரேகை பதிந்தது. இரண்டு திரவங்களையும் சரியான விகிதத்தில் கலக்காமல் ஊற்றிய ரெசின் அப்படித்தான் இருக்கும், எத்தனை மாதம் வைத்திருந்தாலும் இறுகாது.

வெர்னியர் காலிப்பரை எடுத்து அளந்தபோதுதான் முழு உண்மையும் தெரிந்தது. குறிப்புத் தாளில் 8 மில்லிமீட்டர் என்று போட்டிருந்த இணைப்புத் துளை 7.8தான் இருந்தது; தனியே வாங்கிவைத்திருந்த மூட்டு அதற்குள் நுழையவே இல்லை. வலது தொடையைவிட இடது தொடை கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் குட்டை. யாரோ வாங்கிய கிட்டின் பாகங்களிலிருந்தே மறுபடி அச்செடுத்து வார்க்கும் ரீகாஸ்ட் இது. நகலிலிருந்து நகல் எடுக்க எடுக்க அளவு சுருங்கும், கோடுகள் மழுங்கும். அதாவது அந்தச் சிற்பிக்கும் ஒரு காசு போயிருக்காது.

அன்றிரவே படங்களுடன் வாட்ஸ்அப்பில் எழுதினேன். “ரெசின் என்றால் இப்படித்தான், பொறுமை வேண்டும்” என்று பதில் வந்தது. மறுநாள், வெந்நீரில் போட்டு நிமிர்த்தச் சொன்னார். வளைந்த பாகம் வெந்நீரில் நிமிரும். சுருங்கிய பாகம் வளருமா? திங்களன்று நேரில் போனேன். பையைத் திறந்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்றார். திறக்காமல் எப்படிக் குறையைக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்கு, வேறொரு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார். நேற்று கடையில் இருந்த பையன், முதலாளி ஜப்பான் போயிருக்கிறார் என்றான். என் செய்திகளுக்கு இப்போது இரண்டு நீலக் குறிகள் மட்டும் விழுகின்றன. 320 வெள்ளி.

ரெசின் கிட்டின் தரத்தை எப்படி மதிப்பிடுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கும் மனநிலையில் இவ்வளவுதான் வருகிறது. பெட்டியைத் திறக்க விடாத கடையில் வாங்காதீர்கள். காலிப்பரைக் கையோடு கொண்டுபோங்கள், இடவலப் பாகங்களை ஒப்பிட்டு அளங்கள். இறுகாமல் பிசுபிசுவென்று கையில் ஒட்டும் பாகத்தைத் தொட்ட கையோடு திருப்பிக் கொடுங்கள். வாங்கிவிட்டீர்கள் என்றால் பாத்திர சோப்பால் கழுவாமல் வண்ணம் பூசாதீர்கள், முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள். நான் ஆத்திரத்தில் உலர்வாகவே தேய்த்து இரண்டு நாள் இருமினேன்.

2012 செப்டம்பர் முதல் இங்கே நடப்பில் உள்ள சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும் என்று நண்பர் சொன்னதால், சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்க நினைத்து, சற்றுமுன்தான் ரசீதைத் தேடி எடுத்தேன். கிட்டின் பெயர் இல்லை, ஒரிஜினல் என்ற சொல் இல்லை. நீலப் பேனாவில், “பொம்மை 1, 320 வெள்ளி” என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.